நான்கு கால்களில் நிற்கும் கார்

ஒரு மோட்டார் வண்டி நான்கு சக்கரங்களின் மீது நிற்கின்றது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயின் அந்த நான்கு சக்கரங்களும் வண்டியின் பாரத்தை எவ்வாறு பகிர்ந்து சுமக்கின்றன என்று வினவினால், ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டிப் பழகியவர்களும் சற்றுத் தயங்குவர். அப்பங்கீட்டை ஓர் இளைஞன் தன் வீட்டு முற்றத்தில் ஒரு ஸ்பானரைக் கொண்டு மாற்றிவிடக் கூடிய காலம் இது. மாற்றுவது எளிது, மாற்றியதன் பயனை அறிவதே அரிது. ஆகையால் இவ்வாரம் அவ்விஷயத்தை எடுத்துக்கொள்வோம்.

சிறிய ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கும் இளைஞர் பலர் முதலிற் செய்ய விரும்பும் மாற்றம் யாதெனில், தொழிற்சாலையிற் பொருத்தப்பட்ட சுருள்வில்லையும் சொக் அப்சோபரையும் கழற்றிவிட்டு, ‘கொயில்ஓவர்’ என வழங்கும் தொகுதியைப் பூட்டுவதேயாம். இத்தொகுதியில் வில்லானது சொக் அப்சோபரின் உடலைச் சுற்றி அமைந்திருக்கும். அவ்வுடலின் வெளிப்புறத்தில் திருகாணிக்கு உள்ளது போன்ற புரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரியில் ஏறியிறங்கும் வளையமொன்று வில்லின் அடியைத் தாங்கும். வளையத்தை இறக்கினால் வண்டி தாழும்; ஏற்றினால் வண்டி உயரும். தாழ்ந்து நிற்கும் வண்டி பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆயினும் அழகு வண்டி நிற்கும்போது காண்பது. வில்லின் குணமோ வண்டி ஓடும்போது, அதிலும் மழையில் நனைந்த வளைவொன்றிலே, வெளிப்படுவது. அவ்வளைவில் நேர்வது யாது என்பதே நம் கேள்வி.

வில்லும் எண்ணெயும்

வில்லின் இலக்கணத்தை உலகுக்கு முதலில் உரைத்தவர் ஆங்கில விஞ்ஞானி றொபேட் ஹூக். 1676 ஆம் ஆண்டில் அவர் அதனை எழுத்துக்கள் இடம்மாறிய ஒரு புதிராக வெளியிட்டார். 1678 ஆம் ஆண்டில் அப்புதிரைத் தாமே அவிழ்த்துக் காட்டினார். வில்லை எவ்வளவு விசையோடு இழுக்கின்றோமோ அல்லது நெருக்குகின்றோமோ, அதற்கு நேர்விகிதமாகவே அது நீளும் அல்லது குறுகும் என்பது அவ்விதி. மாணவர்கள் ஊக்கின் விதி எனப் பாடநூலிற் படிப்பது இதனையே. ஒரு வில் மில்லிமீற்றருக்கு 60 நியூற்றன் உரமுடையது என்றால், அதனை ஒரு மில்லிமீற்றர் நெருக்க ஏறத்தாழ 6 கிலோகிராம் பாரம் வேண்டும். பத்து மில்லிமீற்றர் நெருக்க 60 கிலோகிராம் வேண்டும்.

வில்லின் உரத்தைத் தீர்மானிப்பவற்றுள் கம்பியின் பருமன் தலையாயது. உரம் கம்பியின் விட்டத்தினது நான்காம் வலுவுக்கு ஏற்ப மாறும். ஆகவே, கம்பி பத்து வீதம் தடித்தால் வில் 46 வீதம் விறைப்பாகிவிடும். கண்ணுக்கு ஒன்று போலத் தோன்றும் இரு வில்கள் குணத்தில் வெகுதூரம் வேறுபடுவது இதனாலேயே.

வில்லுக்கு ஒரு குறையுண்டு. வாங்கிய சக்தியை அது தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, திருப்பிக் கொடுத்துவிடும். வில் மாத்திரமே உள்ள வண்டி ஒரு மேட்டைத் தாண்டினால் ஊஞ்சல் போல நெடுநேரம் ஆடிக்கொண்டே செல்லும். அவ்வாட்டத்தை அடக்குவதே சொக் அப்சோபரின் தொழில். அதனுள்ளே எண்ணெய் நிறைந்த குழாயில் ஒரு பிஸ்டன் ஏறியிறங்குகின்றது. பிஸ்டனிலுள்ள சிறு துவாரங்கள், வால்வுகள் வழியே எண்ணெய் நெருங்கிப் பாயும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகின்றது. அதிர்ச்சியை உண்மையில் ஏற்பது வில். ஏற்றபின் எழும் ஆட்டத்தைத் தணிப்பதே மற்றையது. ஆதலால் சொக் அப்சோபர் என்னும் பெயரினும் ‘தணிப்பான்’ என்னும் பெயரே அதற்குப் பொருந்தும். நாமும் இனி அவ்வாறே வழங்குவோம்.

இவ்விரண்டுக்கும் உரிய இறுதி நோக்கம் ஒன்றே: ரயர் தெருவை விட்டு அகலாதிருத்தல். இருக்கையின் சுகமும் வண்டியின் எழிலும் அதற்கு அடுத்த இடத்தைப் பெறுவன.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டி

எண்களோடு பேசுவதற்கு ஒரு வண்டியைத் தெரிந்துகொள்வோம். ஜப்பானின் ஹிரோஷிமாவிலுள்ள மஸ்டா நிறுவனம் 1989 ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் ஒரு சிறு இரட்டை இருக்கை வண்டியை வெளிக்கொணர்ந்தது. எம்.எக்ஸ்-5 என்பது அதன் பெயர். அமெரிக்காவில் மியாட்டா என்றும் ஜப்பானில் ரோட்ஸ்டர் என்றும் வழங்கிற்று. அதனை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தோஷிஹிகோ ஹிராய். குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடல் ஆதல் என்னும் பொருள்படும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியச் சொற்றொடரையே அக்குழுவினர் தம் இலட்சியமாகக் கொண்டனர். 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் இவ்வினத்தின் பத்து இலட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது.

முதற் தலைமுறை வண்டியின் நிறை ஏறத்தாழ 940 கிலோகிராம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2,265 மில்லிமீற்றர். எஞ்சின் முன்னே; உந்துவன பின்சக்கரங்கள். நான்கு சக்கரங்களுமே மேலும் கீழுமாக அமைந்த இரு கவைக் கரங்களாற் பிடிக்கப்பட்டிருக்கின்றன. தொழிற்சாலை கொடுத்த நிலையிலேயே வில் தணிப்பானைச் சுற்றித்தான் அமைந்துள்ளது. ஆயின் அதில் உயரத்தை மாற்ற வழியில்லை. உயரம் மாற்றும் தொகுதி இவ்வண்டிக்கு எளிதில் இசைந்துவிடுவதும், பல்லாயிரம் இளைஞர் இதில் கைவைத்துப் பழகியதும் இவ்வமைப்பினாலேதான்.

இவ்வண்டியை வகுத்தோர் முன்மாதிரியாகக் கூர்ந்து நோக்கிய வண்டிகளுள் 1962 இல் வெளியான லோட்டஸ் எலான் குறிப்பிடத்தக்கது. கொலின் சப்மனின் நிறுவனம் ஆக்கிய அவ்வண்டி பாரம் மிகக் குறைந்தது, வில்களும் மென்மையானவை. ஆனால் தணிப்பு நன்கு அமைந்திருந்தமையால் தெருவைப் பற்றி ஓடும் திறத்தில் அது பெரும் புகழ் பெற்றது. விறைத்த வில்லே வேக வண்டிக்கு அழகு என்று எண்ணுவோர் இவ்வுதாரணத்தைச் சிந்தித்தல் நன்று.

வளையத்தைத் திருகினால் வில் விறைக்குமா?

இளைஞரிடையே பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையை இங்கே ஆராய்வோம். வளையத்தை மேலே திருகி வில்லை நெருக்கினால் வண்டி விறைப்பாகிவிடும் என்பர். ஹூக்கின் விதி இதனை ஒப்பாது. வண்டியின் பாரம் மாறவில்லை. ஆகவே அப்பாரத்தைத் தாங்கும் வில் குறுகும் அளவும் மாறாது. வளையம் ஏறிய அளவுக்கு வண்டியே மேலெழும். வில்லின் உரம் அப்படியே இருக்கும். உரம் மாறவேண்டுமெனின் வில்லையே மாற்றுதல் வேண்டும்.

மற்றொன்றையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வில்லின் அடி சக்கரத்தின் மீது நேரே நிற்பதில்லை. கவைக் கரத்தின் இடையில் நிற்கின்றது. ஆதலின் இங்கே நெம்புகோலின் விதியும் புகுகின்றது. சக்கரம் பத்து மில்லிமீற்றர் ஏறும்போது வில் ஏழு மில்லிமீற்றரே நெருங்குவதாகக் கொள்வோம். அப்படியானால் வளையத்தை ஏழு மில்லிமீற்றர் இறக்கினால் வண்டி பத்து மில்லிமீற்றர் தாழும். மேலும், 60 நியூற்றன் வில் சக்கரத்தடியில் 60 ஆக உணரப்படாது, 0.7 ஐ இருமுறை பெருக்கி வரும் 0.49 பங்கு, அதாவது ஏறத்தாழ 30 நியூற்றனாகவே உணரப்படும். விகிதம் ஒருமுறை விசையையும் ஒருமுறை தூரத்தையும் குறைப்பதால் இருமுறை பெருக்க நேர்கின்றது.

தாழ்த்துவதன் விலை

வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே செல்வதற்கு ஓர் எல்லையுண்டு. அவ்வெல்லையிலே உலோகத்தோடு உலோகம் மோதாதிருக்க ‘முட்டு இறப்பர்’ ஒன்று வைக்கப்பட்டிருக்கும். இவ்வெல்லைவரை 70 மில்லிமீற்றர் இடமுள்ள வண்டியை ஒருவர் 40 மில்லிமீற்றர் தாழ்த்திவிட்டார் எனக் கொள்வோம். எஞ்சியது 30 மில்லிமீற்றர். சக்கரத்தடி உரம் 30 நியூற்றன் என்றால் அவ்விடைவெளி தாங்கக்கூடிய கூடுதற் பாரம் 900 நியூற்றன். அதாவது ஏறத்தாழ 92 கிலோகிராம் மாத்திரமே.

இனி வளைவுக்கு வருவோம். சாரதியோடு 1,020 கிலோகிராம் நிறையுள்ள வண்டி, புவியீர்ப்பின் பத்தில் ஏழு பங்கு பக்கவிசை எழும் வேகத்தில் வளைவை எடுக்கின்றது. அதன் பாரமையம் தரையிலிருந்து 0.45 மீற்றர் உயரத்திலும், சக்கரங்களின் இடைத்தூரம் 1.4 மீற்றராகவும் இருப்பின், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு 230 கிலோகிராம் அளவு பாரம் மாறிச் செல்லும். முன்னுக்கும் பின்னுக்கும் பாதி பாதியாகக் கொண்டால் ஒரு சக்கரத்துக்கு 115 கிலோகிராம். இதில் ஒரு பங்கைச் சாய்வுத்தடைக் கம்பி ஏற்றுக்கொள்ளும். இருப்பினும் எஞ்சிய 30 மில்லிமீற்றரிற் பெரும்பகுதியை வளைவே விழுங்கிவிடுகின்றது. அவ்வேளை வீதியிலே ஒரு சிறு மேடு குறுக்கிட்டால் சக்கரம் ஏறுவதற்கு இடமில்லை. வண்டி முட்டு இறப்பரின் மேற் குந்திவிடும்.

அக்கணத்தில் அம்மூலையின் உரம் திடீரெனப் பன்மடங்காகின்றது. பாரம் அந்த ஒரு ரயரின் மேற் பாய்கின்றது. அந்த ரயரின் பிடிப்பு அறுகின்றது. முன்சக்கரத்தில் இது நேர்ந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும். பின்சக்கரத்தில் நேர்ந்தால் வண்டியின் வால் வீசிச் சுழலும். சாரதி ஸ்ரியரிங்கைத் திருத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வளைவுக்கு முன்வரை எவ்வித எச்சரிக்கையும் தராமல் நன்றாகவே ஓடிவந்த வண்டி இது என்பதே இதன் கொடுமை.

எஞ்சிய இடத்தை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. தணிப்பானின் பளபளப்பான தண்டைச் சுற்றி மெல்லிய நைலோன் பட்டி ஒன்றை இறுக்கமாகக் கட்டி, குழாயின் வாய்வரை தள்ளிவிட்டு, வழக்கமாகச் செல்லும் வீதியில் ஒருமுறை ஓட்டி வருக. பட்டி எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கின்றதோ, அவ்வளவு தூரம் தண்டு உள்ளே சென்றுள்ளது. பட்டி முட்டு இறப்பரைத் தொட்டுவிட்டதாயின் வண்டியை உயர்த்துக; அல்லது சற்று உரமான வில்லை இடுக. வேறு வழியில்லை.

வேலையின் ஒழுங்கு

கொயில்ஓவரைப் பூட்டுவோர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு ஒன்றுண்டு. முதலில் உயரம், அடுத்துப் பாரப் பங்கீடு, பின்னர்ச் சக்கரக் கோணங்கள், கடைசியிலே தணிப்பு. ஒவ்வொன்றும் தனக்குப் பின்வருவதை மாற்றிவிடும் ஆதலால் இவ்வொழுங்கு குலைந்தால் செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரும்.

தொடங்குமுன் உயிர்க்காப்புக்கு உரிய இரு சொற்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியிற் புகுதல் ஆகாது; உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே கைநீட்டுதல் வேண்டும். பழைய தொகுதியைப் பிரிக்கும்போது நெருங்கியிருக்கும் வில்லையும் எளிதாக எண்ணலாகாது. மில்லிமீற்றருக்கு 30 நியூற்றன் உரமுள்ள வில்லை 100 மில்லிமீற்றர் நெருக்கினால் அதனுள் அடங்கியிருப்பது 150 யூல் சக்தி. ஐந்து கிலோகிராம் கல்லை மூன்று மீற்றர் உயரத்திலிருந்து போடுவதற்கு அது நிகர். தகுந்த நெருக்குகருவி இல்லையாயின் இவ்வேலையை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் விட்டுவிடுதலே அறிவுடைமை.

பூட்டும்போது பலர் தவறவிடும் நுட்பம் ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். கவைக் கரங்களின் மூட்டிலுள்ள இறப்பர் புஷ்கள், உள்ளும் புறமும் உலோகத்தோடு ஒட்டியவை. முறுகுவதன் மூலமே அசைவன. சக்கரம் தொங்கும் நிலையில் அம்மூட்டுக்களின் ஆணிகளை இறுக்கிவிட்டால், வண்டி தரையிலிறங்கியதும் புஷ்கள் முறுகிய நிலையிலேயே நிற்கும். அது தேவையற்ற ஒரு வில்லைச் சேர்த்ததற்கு ஒப்பாகும். புஷ்ஷும் விரைவிற் கிழியும். ஆகையால் வண்டி தன் பாரத்தோடு நிற்கும் உயரத்தை அடைந்த பின்னரே அவ்வாணிகளை முற்றாக இறுக்குதல் வேண்டும்.

உயரத்தை அளக்குமுன் நான்கு ரயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிசெய்க. ஜக்கிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் நிலைக்கு வராது. சக்கரங்கள் உட்சாய்ந்து தரையைப் பற்றிக்கொண்டு நிற்பதால் அது உயர்ந்தே இருக்கும். முன்னும் பின்னுமாகச் சில மீற்றர் உருட்டியபின், சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்க. தரையிலிருந்து அளந்தால் ரயரின் தேய்மானமும் கணக்கிற் சேர்ந்து மயக்கும்.

ஆடும் மேசையின் பாடம்

சமனற்ற நிலத்திலே நான்கு கால் மேசையை வைத்துப் பாருங்கள். மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரு கால்கள் பாரத்தைத் தாங்கும். மற்றை இரண்டும் ஏறக்குறைய சும்மா இருக்கும். மேசையை எந்தப் பக்கம் தொட்டாலும் ஆடும். ஒரு காலின் கீழே கடதாசியை மடித்து வைத்தால் அந்தக் காலும் அதன் மூலைவிட்டத்து எதிர்க்காலும் பாரத்தை ஏற்கத் தொடங்கும். கொயில்ஓவரின் வளையம் அந்தக் கடதாசி மடிப்பைப் போன்றதே.

வாகனத் தொழிலாளர் இதற்கென நான்கு தராசுகளை நான்கு சக்கரங்களின் கீழே வைப்பர். நாம் எடுத்துக்கொண்ட 1,020 கிலோகிராம் வண்டியில் சாரதியை வலப்புற இருக்கையில் அமரச் செய்து, சாய்வுத்தடைக் கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு நிறுத்தபோது பின்வருமாறு காட்டியதாகக் கொள்வோம்: முன்னிடம் 280, முன்வலம் 260, பின்னிடம் 215, பின்வலம் 265. முன்வலத்தையும் பின்னிடத்தையும் கூட்டினால் 475. மற்றை மூலைவிட்டம் 545. மேசை ஆடுகின்றது என்பதை எண்களே கூறுகின்றன. இவ்வண்டி வலப்பக்கம் திரும்பும்போது ஒரு குணத்தையும், இடப்பக்கம் திரும்பும்போது வேறொரு குணத்தையும் காட்டும். திடீரெனப் பிரேக்கை அழுத்தினால் பாரம் குறைந்த முன்வலச் சக்கரமே முதலில் நின்று வழுக்கும்.

இதனைச் சமப்படுத்த முன்வலத்தையும் பின்னிடத்தையும் சிறிது ஏற்றி, மற்றை இரண்டையும் அதே அளவு இறக்குதல் வேண்டும். நான்கையும் ஒருங்கே மாற்றுவதால் வண்டியின் உயரம் குலையாது. நாம் கொண்ட வில்லுக்கும் நெம்பு விகிதத்துக்கும் ஒவ்வொரு வளையமும் ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர் நகரவேண்டும். ஒரு சுற்றுக்கு இரண்டு மில்லிமீற்றர் நகரும் புரியாயின் இரண்டே சுற்று. மீண்டும் நிறுத்தால் முன்னிடம் 262.5, முன்வலம் 277.5, பின்னிடம் 232.5, பின்வலம் 247.5 என வரும். இரு மூலைவிட்டங்களும் இப்போது 510.

இங்கே மாணவர்கள் ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். முன்னச்சின் பாரம் முன்பும் 540, பின்பும் 540. இடப்பக்கத்தின் மொத்தம் முன்பும் 495, பின்பும் 495. வளையத்தைத் திருகி ஒரு கிலோகிராமைக்கூட முன்னிருந்து பின்னுக்கோ, வலமிருந்து இடத்துக்கோ மாற்ற இயலாது. அதற்குப் பற்றரியையோ சாரதியையோ இடம்மாற்றுதல் வேண்டும். திருகுவளையம் ஆள்வது மூலைவிட்டத்தை மாத்திரமே.

தராசுகள் ஒரே மட்டத்தில் இருத்தல் இன்றியமையாதது. ஒரு தராசு மூன்று மில்லிமீற்றர் உயர்ந்திருந்தாலும் மூலைவிட்டப் பாரத்தில் நாலைந்து கிலோகிராம் பிழை நேரும். வேலை முடிந்தபின் சாய்வுத்தடைக் கம்பியை, அது முறுகாத வண்ணம் இணைப்பின் நீளத்தைச் சரிசெய்து மாட்டுதல் வேண்டும். அன்றேல் நிறுத்துச் சமப்படுத்தியதெல்லாம் வீணாகும்.

கோணமும் தணிப்பும்

உயரமும் பாரமும் அமைந்தபின் சக்கரங்களின் கோணங்களை நோக்குதல் வேண்டும். முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் மேற்புறத்தில் உள்ளே சாய்கின்றதா, வெளியே சாய்கின்றதா என்பதைக் ‘கம்பர்’ என்பர். கவிச்சக்கரவர்த்திக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை! இரு சக்கரங்களும் முன்னோக்கி நேரே பார்க்கின்றனவா, உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கின்றனவா என்பது மற்றொன்று. வண்டியைத் தாழ்த்தியவுடன் இவையிரண்டும் மாறிவிடும். எம்.எக்ஸ்-5 இல் கீழ்க்கரங்களின் மூட்டு ஆணிகள் மையம் விலகிய வட்டுக்களோடு அமைந்திருப்பதால், அவற்றைத் திருப்பியே முன்னும் பின்னும் கோணங்களைத் திருத்தலாம். உயரத்தைத் தொட்டவர் வீல் அலைன்மென்ற் செய்யாது வண்டியை ஓட்டுதல் ரயரைத் தேய்ப்பதோடு திசையையும் கெடுக்கும்.

இறுதியாகத் தணிப்பு. ஒரு வில் வண்டியின் பாரத்தால் எவ்வளவு நெருங்குகின்றது என்பதைக் கொண்டே அதன் ஆட்டத்தின் மீடிறனைக் கணிக்கலாம். சக்கரத்தில் 25 சென்ரிமீற்றர் தாழும் வண்டி செக்கனுக்கு ஒருமுறை ஆடும்; 6 சென்ரிமீற்றரே தாழ்ந்தால் இருமுறை ஆடும். ஆங்கிலப் பொறியியலாளர் மோறிஸ் ஒலி, றோல்ஸ்-றொய்ஸிற் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸிற் சேர்ந்து, 1930 களில் இத்துறையை ஆராய்ந்தார். பின்வில்களின் ஆட்டம் முன்வில்களின் ஆட்டத்தினும் சற்று விரைவாக இருத்தல் நன்று என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. முன்சக்கரம் மேட்டில் ஏறிச் சிறிது நேரஞ்சென்றே பின்சக்கரம் ஏறுகின்றது. எம்.எக்ஸ்-5 மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போது அவ்விடைவேளை 0.136 செக்கன். பின்புறம் விரைந்து ஆடினால் முன்புறத்தை எட்டிப்பிடித்து, வண்டி தலையாட்டாமல் ஒருசேர எழுந்து அடங்கும்.

தணிப்பானின் தலையிலுள்ள குமிழைத் திருப்பினால் ‘டிக் டிக்’ எனச் சொடுக்குகள் கேட்கும். முற்றாக மூடிய நிலையிலிருந்து எண்ணுவது வழக்கம். அந்நிலை ஒன்றே ஐயத்துக்கு இடமற்றது. நடுநிலையில் தொடங்கி, ஒரே வீதியில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். மேட்டைத் தாண்டியபின் வண்டி படகு போல மிதந்தால் தணிப்பு போதாது. தொடர்ந்து வரும் சிறு மேடுகளில் வண்டி விறைத்துத் தாழ்ந்துகொண்டே போனால், நெருங்கிய வில் விரியுமுன்னரே அடுத்த மேடு வந்துவிடுகின்றது என்று பொருள், தணிப்பு மிகுந்துவிட்டது. ஈரிரு சொடுக்கு மாத்திரம் மாற்றி மீண்டும் ஓட்டுக. மிகுந்த தணிப்பு உறுதிபோல் உணரப்படும். ஆனால் ரயர் தெருவை விட்டுத் துள்ளிக்கொண்டிருக்கும். கைக்குத் தோன்றும் விறைப்பும் தெருவைப் பற்றும் பிடிப்பும் ஒன்றல்ல.

குறிப்புப் புத்தகம்

இவ்வளவுக்கும் துணையாவது ஒரு சிறு குறிப்புப் புத்தகம். திகதி, காற்றழுத்தம், நான்கு மூலைகளின் உயரம், பாரம், சொடுக்குகளின் எண்ணிக்கை, நைலோன் பட்டி தள்ளப்பட்ட தூரம் ஆகிய யாவற்றையும் அதில் எழுதுக. ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்க. இரண்டை ஒருங்கே மாற்றியவர் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று அறியவே மாட்டார். பாடசாலை ஆய்வுகூடத்தில் மாணவர் பயிலும் முறையும் இதுவே; கராஜின் எண்ணெய்க் கறைக்கு நடுவிலும் அது பொய்ப்பதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். வண்டியைத் தாழ்த்தப் போகின்றேன் என்று மகனோ மகளோ வந்து நின்றால், கடிந்துரைத்துத் தடுப்பதாற் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. அதற்குப் பதிலாக ஒரேயொரு கேள்வியைக் கேளுங்கள்: “முட்டு இறப்பருக்கு இன்னும் எத்தனை மில்லிமீற்றர் எஞ்சியிருக்கிறது?” அளந்து பார்த்து, எண்ணைச் சொல்லி, குறிப்புப் புத்தகத்தையும் காட்டுகின்ற பிள்ளையிடம் வண்டியை நம்பி விடலாம். விடை தெரியாவிடின், அது தெரியும்வரை அவ்வண்டி வீட்டு முற்றத்திலேயே நிற்கட்டும்.